துணி போர்த்திய வெற்றி வளைவு: கல் தாங்குமா, காசு யாருடையது?

பாரீஸ் நகரத்து வெற்றி வளைவை (ஆர்க் த த்ரியோம்ஃப்) 2021-ல் வெள்ளிநிறத் துணியால் மூடி, சிவப்புக் கயிறு போட்டுக் கட்டியிருந்த படத்தைப் போட்டு இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நூற்றெண்பது வருஷத்துக்கு மேலான கட்டடத்தை இப்படி மூட்டை கட்டினால் கல் கெடாதா? 14 மில்லியன் யூரோவை யார் தண்டம் அழுதது? கேட்டவிதத்தைப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்றும் உள்ளே இருக்கிறது: இதெல்லாம் எதற்கு? முதல் கேள்விக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து பதில் சொல்லலாம். இரண்டாவதற்குக் கணக்கு வெளிப்படையாகவே இருக்கிறது. மூன்றாவதில் நான் உங்களைப்போல ஒரு பார்வையாளன்தான். அங்கே நான் சொல்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கட்டமைப்புப் பொறியாளன். இருபது வருஷத்துக்கு மேலாகத் துணிக் கூரைகளும், பழைய கட்டடங்களுக்குப் பழுதுபார்க்கும்போது போடும் சாரமும்தான் என் பிழைப்பு. கலை வரலாறு படித்தவன் இல்லை. ஜெர்மனியில் இரண்டு வருஷம் படித்தபோது என் பேராசிரியர் உள்ளங்கை அகலத்தில் ஒரு துணித் துண்டைக் கொடுத்தார். 1995-ல் பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற பழைய நாடாளுமன்றக் கட்டடத்தைப் போர்த்திய துணி அது. பார்க்க வந்தவர்களுக்குச் சும்மாவே சின்னச் சின்னத் துண்டுகள் கொடுத்தார்கள். அதைத் தொட்டுப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பாலிப்ராப்பிலீன் நெசவு. நம் ஊர்ச் சிமெண்ட் மூட்டைச் சாக்கும் அதே பிளாஸ்டிக்தான். அதன் மேல் அலுமினியப் பூச்சு கொடுத்ததால் வெள்ளிபோல மின்னுகிறது, அவ்வளவுதான்.

இந்த வேலைகளைச் செய்தவர்கள் கிறிஸ்டோ, ழான் க்ளோட் என்ற தம்பதி. இருவரும் ஒரே நாளில், 1935 ஜூன் 13-ல் பிறந்தவர்கள். அவர் பல்கேரியாவின் கப்ரோவோவில், அந்த அம்மாள் மொராக்கோவின் காசாபிளாங்காவில். கம்யூனிச ஆட்சியில் ஓவியம் படித்த கிறிஸ்டோ 1957-ல் பிராகிலிருந்து வியன்னாவுக்குத் தப்பிப் போய், அடுத்த வருஷம் பாரீஸ் வந்து சேர்ந்தார். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் மாணவராக இருந்தபோது அவர்களுக்கு ஒரு விசித்திரமான வேலை கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகளுடன் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் போகும் தடத்தையொட்டிய விவசாயிகளிடம் போய், வைக்கோல் போரையும் இயந்திரங்களையும் கண்ணுக்கு லட்சணமாக அடுக்கிவைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். நிலக்காட்சியையே மேடை அலங்காரமாகப் பார்க்கும் பழக்கம் அங்கே தொற்றியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

பாரீஸில் அவர் தங்கியிருந்த சின்ன அறை வெற்றி வளைவுக்குப் பக்கம். 1962 வாக்கில் அந்த வளைவு துணிக்குள் இருப்பதுபோல ஒரு ஒட்டுப்படம் செய்துவைத்தார். நிறைவேறியது 2021 செப்டம்பர் 18-ல். இடையில் ஏறத்தாழ அறுபது வருஷம். ழான் க்ளோட் 2009-லும் கிறிஸ்டோ 2020 மே 31-லும் இறந்துபோனார்கள். வரைபடங்களை வைத்து, அவருடைய சகோதரர் மகன் விளாதிமிர் யவாச்செவ் தலைமையில் குழுவினர் முடித்தார்கள். 25,000 சதுர மீட்டர் துணி, 3,000 மீட்டர் கயிறு, மொத்தம் 16 நாள். அக்டோபர் 3-ஆம் தேதியோடு முடிந்து, துணியைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். எல்லோரும் துணியின் எடையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். எடை ஒரு பொருட்டே அல்ல. அந்த வளைவு கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரம், 45 மீட்டர் அகலம், 22 மீட்டர் கனம் உள்ள கல் மலை. துணி அதற்குத் தோளில் போட்ட துண்டு மாதிரி. பயப்பட வேண்டியது காற்றுக்கு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரைச் சுமார் 25 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 144 கிலோமீட்டரில் அது 100 கிலோ. வெற்றி வளைவின் முகப்பில் நடுவாசலைக் கழித்தால் ஏறத்தாழ 1,800 சதுர மீட்டர் மிஞ்சும். 72 கிலோமீட்டர் காற்றுக்கே 45 டன் ஆகிறது. நேரே தள்ளுவதோடு போனாலும் பரவாயில்லை. மூலைகளிலும் பின்பக்கத்திலும் காற்று உறிஞ்சும். துணி உப்பும், பிறகு சட்டென்று அறையும். கல் அந்த அறையைத் தாங்கிவிடும். கல்லிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிற்பத்தின் கையும் வாளும் மூக்கும் தாங்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய கோபுரத்துக்குச் சாரம் கட்டி, தூசி விழாமல் இருக்கப் பச்சை வலை சுற்றினோம். வலையில் ஓட்டை இருக்கிறதே, காற்று புகுந்து போய்விடும் என்று நானே கணக்குப் போட்டு, கட்டுகளைக் குறைத்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டி சொன்னதைப் பொறியியல் கல்லூரியில் யாரும் திரும்பச் சொல்லவில்லை. சில வாரத்துத் தூசியே வலையின் கண்களை அடைத்துவிட்டது. ஒரு ராத்திரி அடித்த காற்றில் வலை பாய்மரமாகி, ஒரு பக்கத்துச் சாரத்தை இரண்டு விரற்கடை நகர்த்தியிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஒரு சுதை பொம்மையின் முழங்கை மட்டும் போனது. அந்த முழங்கையைக் கையில் எடுத்துக் கொடுத்த ஸ்தபதி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் இந்தப் பெரிய வேலைகளில் என் கண் முதலில் போவது துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்குத்தான். படத்தில் தெரியாத பாதி வேலை அங்கே இருக்கிறது. வெற்றி வளைவில் புடைப்புச் சிற்பங்களைச் சுற்றி முதலில் எஃகுச் சட்டங்களால் கூண்டு கட்டினார்கள். துணி சாய்ந்தது அந்தக் கூண்டின் மேல்தான், சிற்பத்தின் மேல் அல்ல. ரைக்ஸ்டாக்கிலும் கூரை மீதிருந்த சிலைகளுக்கும் கல் ஜாடிகளுக்கும் இதே முறைதான். இரண்டு கட்டடங்களிலும் துணி மேலிருந்து தொங்கிக் கீழே இறங்கியது. அதைச் சுற்றி ஓடிய கயிறுதான் காற்றுக்கு விடை. கயிறு துணியைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரிக்கிறது. எந்தப் பாத்தியும் ஒரேயடியாக உப்ப முடியாது. மடிப்புகளும் அழகுக்கு மட்டுமல்ல. ரைக்ஸ்டாக்கில் கட்டடத்தின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு துணி, ஒரு லட்சம் சதுர மீட்டருக்கு மேல், 70 பகுதிகளாகத் தைத்துப் போட்டார்கள். இறுக்கிக் கட்டிய துணி முரசுத்தோல்போல அதிரும். தளர்ந்து மடிந்த துணி காற்றின் ஆற்றலை அசைவில் செலவழித்துவிடும். கலைஞர் மடிப்பு கேட்டது வேறு காரணத்துக்காக. பொறியாளர்கள் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

1985-ல் பாரீஸின் போன் நெஃப் பாலத்தைப் போர்த்தியது இன்னும் சிக்கலான வேலை. போன் நெஃப் என்றால் புதுப் பாலம். 1607-ல் திறந்தது. இப்போது பாரீஸில் நிற்கும் பாலங்களிலேயே பழையது அதுதான், பெயர் மட்டும் இன்னும் புதிது. மதுரையில் திருமலை நாயக்கர் கட்டியதை இன்றைக்கும் புது மண்டபம் என்கிறோமே, அதுபோல. கல் தூண்களில் ஆணி அடிக்காமல் துணியின் கீழ் விளிம்பை எங்கே பிடித்துவைப்பது? நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே, தூண்களின் அடிப்பகுதியைச் சுற்றிக் கனத்த எஃகுச் சங்கிலிகளை ஒட்டியாணம்போல மாட்டினார்கள். மொத்தம் 12 டன் சங்கிலி. முக்குளிப்பவர்கள் இறங்கிச் செய்த வேலை. மேலே 40,000 சதுர மீட்டருக்கு மேல் மணற்கல் நிறத்துத் துணி. பாலம் மூடப்படவில்லை. ஜனங்கள் துணி விரித்த நடைபாதையில் நடந்துபோனார்கள்.

இப்போது உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். ஒழுங்காகச் செய்தால், இரண்டு மூன்று வாரம் நெசவுத் துணி போர்த்துவதால் நல்ல நிலையில் உள்ள கருங்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ கெட்டுப்போகாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நெசவுத் துணி மூச்சு விடும், ஈரம் உள்ளே நிற்காது. கெடுதல் வருவது வேறு வழிகளில். மாதக்கணக்கில் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும், புறா குடியேறும். அதைவிட மோசம், பிடிமானத்துக்காகக் கல்லில் துளை போட்டு இரும்பு முளையை இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் தலையை மட்டும் அறுத்துவிட்டுப் போவது. இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். பழைய கட்டடங்களில் நான் பார்த்த விரிசல்களில் பல, முன்னொரு காலத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு அடித்த இரும்பின் வேலை. அதனால் எந்தப் பழைய கட்டடத்திலும் தற்காலிகமாக எதையாவது மாட்டப்போகிறோம் என்றால் எங்கள் மேசையில் முதலில் வரைவது கழற்றும் முறையைத்தான். எந்தக் கட்டு எந்த வரிசையில் அவிழும், எந்தத் துளையை எந்தச் சாந்தால் அடைப்போம் என்பது முடிவாகாமல் ஏற்றும் வரைபடத்துக்குப் போகமாட்டோம். சந்தேகம் இருப்பது நலிந்த கல்லில், காரை பெயர்ந்த சுதையில், பல நூற்றாண்டாக உப்பு ஏறிய சுவரில். அங்கே கூண்டு கட்டுவதே ஆபத்து. அப்படிப்பட்ட கட்டடத்தைப் பற்றிப் பக்கத்தில் போய்த் தட்டிப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன். சொல்பவரையும் நம்பாதீர்கள்.

கட்டடத்தைவிட மனிதருக்கு ஆபத்து அதிகம். இந்தத் தம்பதியின் சரித்திரத்திலேயே அதற்குக் கசப்பான உதாரணம் உண்டு. 1991-ல் ஜப்பானிலும் கலிஃபோர்னியாவிலும் ஒரே சமயத்தில் மொத்தம் 3,100 ராட்சதக் குடைகளை விரித்துவைத்தார்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் உயரம், 200 கிலோ எடை. கலிஃபோர்னியாவில் பலத்த காற்றில் ஒரு குடை பிடுங்கிக்கொண்டு வந்து மோதியதில், பார்க்க வந்த ஒரு பெண் இறந்துபோனார். உடனே இரண்டு நாட்டிலும் குடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். பிரித்தெடுக்கும்போது ஜப்பானில் ஒரு தொழிலாளி மின்கம்பியால் உயிரிழந்தார். இந்தத் திட்டங்களைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் அப்படித் தாண்ட முடியாது.

பறவைகளுக்காகத் தேதியையே மாற்றிய கதையும் இருக்கிறது. வெற்றி வளைவு வேலை முதலில் 2020 ஏப்ரலில் நடப்பதாக இருந்தது. வளைவில் கூடு கட்டும் ராஜாளி இனத்துச் சிறு பறவைகளுக்கு அது இனப்பெருக்க காலம் என்று பறவை ஆர்வலர்கள் சொன்னதால் இலையுதிர் காலத்துக்குத் தள்ளினார்கள். அப்புறம் கொரோனா வந்து ஒரு வருஷம் தள்ளியது. அதேபோல, வளைவின் அடியில் பெயர் தெரியாத போர்வீரரின் சமாதியில் 1923 முதல் எரியும் சுடரை ஒரு நாள்கூட அணைக்கவில்லை. தினம் சாயங்காலம் 6:30-க்கு அதைத் தூண்டிவிடும் சடங்கு துணிக்கு நடுவிலும் நடந்தது. தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான மீட்டர் துணி, அடியில் திறந்த தீ. இந்த ஒரு வரிக்காக எத்தனை கூட்டம் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டிருப்பேன் என்றும் சொல்லமாட்டேன்.

காசு விஷயம். 14 மில்லியன் யூரோவும் கலைஞரின் தரப்புக் காசு. அரசு மானியம் இல்லை, விளம்பரதாரர் இல்லை, பார்ப்பதற்கு டிக்கெட்டும் இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் கிறிஸ்டோ தன் கையால் வரைந்த படங்கள், ஒட்டுச்சித்திரங்கள், சிறு மாதிரிகள், பழைய படைப்புகள் இவற்றை விற்றுத்தான் பணம் திரட்டினார்கள். ரைக்ஸ்டாக்குக்கு ஆன ஏறத்தாழ 15 மில்லியன் டாலரும் அப்படி வந்ததுதான். ஆகவே பாரீஸ் வரிகட்டுபவர் தண்டம் அழவில்லை. ஆனால் இதைத் தர்மகாரியமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டம் பேசப்படப் பேசப்பட வரைபடத்தின் விலை ஏறும். விலை ஏறினால் திட்டம் நடக்கும். வாங்கியவர்கள் பணக்காரச் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும். கெட்டிக்கார ஏற்பாடு. நான் மதிப்பது அந்த ஏற்பாடு கொடுத்த சுதந்திரத்தை. யாருக்கும் கடன்படாததால் அவர் நினைத்த நேரத்தில் கைவிடவும் முடிந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு ஆற்றின் மேல் துணி விதானம் கட்டும் திட்டத்துக்கு இருபது வருஷம் உழைத்து, பல மில்லியன் டாலர் செலவழித்தபின், 2017 ஜனவரியில் வேண்டாம் என்று விட்டுவிட்டார். நிலம் மத்திய அரசுடையது. புதிய அதிபர் ட்ரம்புக்குப் பயன்படும் எதையும் செய்ய விருப்பமில்லை என்று காரணம் சொன்னார்.

பணத்தைவிடக் கஷ்டமானது அனுமதி. பெர்லின் கதையை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு அதில்தான் ஏதாவது பதில் இருக்கிறது. ரைக்ஸ்டாக் 1894-ல் கட்டி முடிந்தது. 1933 பிப்ரவரியில் எரிந்தது. அந்தத் தீயைச் சாக்காக வைத்துத்தான் நாஜிகள் ஜனநாயக உரிமைகளை முடக்கினார்கள். 1945-ல் சோவியத் வீரர்கள் பிடித்து, சுவரெல்லாம் தங்கள் பெயர்களைக் கிறுக்கினார்கள். பிறகு பெர்லின் சுவர் அதன் முதுகை உரசிக்கொண்டு போனது. 1971-ல் பெர்லினில் வசித்த மைக்கேல் கல்லன் என்ற அமெரிக்கர் இந்தக் கட்டடத்தின் படம் போட்ட ஒரு தபால் அட்டையை அனுப்பி, இதைப் போர்த்தலாமே என்று யோசனை சொன்னார். கிறிஸ்டோவுக்கு அது சொந்தக் கதையும்கூட. 1962-லேயே பெர்லின் சுவருக்கு எதிர்ப்புக் காட்ட, பாரீஸின் குறுகலான விஸ்கோந்தி தெருவை 89 எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி அடைத்தவர் அவர். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை, இருந்தும் செய்தார். ரைக்ஸ்டாக்கை அப்படித் திருட்டுத்தனமாகச் செய்ய முடியாது. 1977, 1981, 1987 என்று மூன்று முறை மறுத்தார்கள். தம்பதியர் ஒவ்வொரு உறுப்பினர் அறையாக ஏறி இறங்கினார்கள்.

கடைசியில் 1994 பிப்ரவரி 25-ல் ஜெர்மன் நாடாளுமன்றம் இதை அவையில் விவாதித்து வாக்கெடுத்தது. ஆதரவு 292, எதிர்ப்பு 223, நடுநிலை 9. அவைத் தலைவர் ரீட்டா சூஸ்முத் பக்கபலமாக நின்றார். சான்சலர் ஹெல்முட் கோல் எதிர்த்தார். அவர் கட்சியின் வோல்ஃப்காங் ஷொய்ப்ளே, தேசத்தின் சின்னத்தைச் சோதனைப் பொருளாக்கக் கூடாது, இது மக்களைப் பிரிக்கும் என்று பேசினார். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தையோ தலைவர் சமாதியையோ யாரோ வெளிநாட்டுக்காரர் மூட்டை கட்டுகிறேன் என்று வந்தால் நீங்களும் நானும் அதைத்தான் கேட்போம். ஆனால் ஒரு கட்டடத்தைப் போர்த்தலாமா என்று ஒரு நாடு தன் மக்கள் மன்றத்தில் வாதாடியது அதற்கு முன் நான் கேள்விப்படாதது. இருபத்துமூன்று வருஷத்து மனுக்களும் மறுப்புகளும் அந்தப் பேச்சும் படைப்பின் பகுதி என்றே அந்தத் தம்பதியர் சொல்லிவந்தார்கள். முதலில் இது கலைஞர்கள் விடும் கதை என்று நினைத்தேன். அனுமதிக் கோப்புகளோடு மாரடித்த பிறகு ஒப்புக்கொள்கிறேன்.

1995 ஜூன் 24-ல் போர்த்தி முடித்து, ஜூலை 7-ல் பிரிக்க ஆரம்பித்தார்கள். 90 மலையேற்றக்காரர்கள் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டு துணியை விரித்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஐம்பது லட்சம் பேர் என்பார்கள். இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாங்குங்கள். டிக்கெட் இல்லாத இடத்தில் தலையை எண்ணியது யார்? பெருங்கூட்டம், ராத்திரியும் புல்தரையில் உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் படங்களில் தெரிகிறது. ஊருக்கு இத்தனை கோடி வருமானம் வந்தது என்று வரும் கணக்குகளை அதைவிட அதிகம் தள்ளுபடி செய்யலாம். சிமெண்ட் மூட்டையில் போட்ட எடையை நம்புகிற அளவுக்குக்கூட நான் அவற்றை நம்புவதில்லை.

எதற்கு என்றால், எனக்குத் தோன்றுவது இது. தூண், சிலை, கல்வெட்டு எல்லாம் மறைந்துபோனால் ஒரு கட்டடத்தில் மிஞ்சுவது உருவமும் அளவும்தான். தினம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது திடீரென்று முதல்முறை தெரிகிறது. நம் ஊரில் திருப்பணிக்குச் சாரம் கட்டிக் கீற்று வேய்ந்த கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். பொம்மைகள் எல்லாம் மறைந்ததும் கோபுரம் எவ்வளவு ஒடுங்கி மேலே போகிறது என்பது அப்போதுதான் உறைக்கும். சாரம் கட்டியவர்கள் அதற்காகக் கட்டவில்லை. கிறிஸ்டோ அதற்காக மட்டுமே கட்டினார். ரைக்ஸ்டாக்கில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவ்வளவு ரத்தமும் புகையும் படிந்த கட்டடம் இரண்டு வாரம் இலேசாகக் காற்றில் அசைந்தது. அதன் பிறகு கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் உள்ளே புதுப்பித்துக் கண்ணாடிக் குவிமாடம் வைக்க, 1999-ல் நாடாளுமன்றம் அங்கே குடிவந்தது. வெற்றி வளைவில் எனக்கு அந்த அளவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழகாக இருந்தது. 1962-ல் ஒரு அகதிப் பையன் கண்ட கனவாக அது பெரியது. 2021-ல் அது மரியாதைக்குரிய ஒருவரின் கடைசி ஆசையை நிறைவேற்றியதுபோல இருந்தது.

பிரம்மாண்டமான எல்லாமே இப்படி நாசூக்காக இருப்பதில்லை. லண்டன் டவர் கோட்டையின் அகழியில் 2014-ல் 8,88,246 சுடுமண் பாப்பிப் பூக்களை நட்டார்கள். பால் கம்மின்ஸ் பூக்களைச் செய்தார், டாம் பைப்பர் இடத்தை வடிவமைத்தார். முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ், காலனிப் படைவீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ என்பது கணக்கு. பொறியாளனாக எனக்கு அது பிடிக்கும். கோட்டைச் சுவரில் கை வைக்காமல் பெரும்பகுதியைப் புல்தரையில் கம்பி நட்டே முடித்துவிட்டார்கள். பிறகு ஒரு பூ 25 பவுண்டு என்று விற்று, லாபத்தைப் படைவீரர் நல அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் எதிரணியில் செத்தவனுக்கு ஒரு பூகூட இல்லையே என்று அங்கேயே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. 2015-ல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் வைத்த எஃகுக் குழல் சிற்பத்துக்கு நடந்தது தலைகீழ். பழைய இடத்துக்குப் புதுக் கலையால் கேடு வரும் என்றுதான் பேச்சு, கேடு வந்தது புதுக் கலைக்கு. யூத வெறுப்பு வாசகங்களை அதன் மேல் எழுதினார்கள். கபூர் அதை அப்படியே சாட்சியாக விட்டுவைக்க நினைத்தார். நீதிமன்றம் மறைக்கச் சொன்னது. அவர் தங்கத் தகடு ஒட்டி மறைத்தார்.

நிரந்தரமாக வைப்பது என்றால் விதியே வேறு. பாரீஸின் பலே ரோயால் என்ற பழைய அரண்மனை முற்றத்தில் 1986-ல் டேனியல் பூரென் என்ற கலைஞர் 260 கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தூண்களை நிறுவியபோது ஊரே இரண்டுபட்டது, வழக்கும் நடந்தது. அதற்கு முன் அந்த முற்றம் கார் நிறுத்துமிடமாக இருந்தது என்பதைக் கூச்சல் போட்டவர்கள் மறந்துவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் அந்தத் தூண்கள் மேல் ஏறிக் குதிக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்லி யாராவது வந்தால் அதற்கு எதிராக ஒரு வழக்கு நடக்கும் என்று நினைக்கிறேன். துணி போர்த்துபவர்களுக்கு இந்த வசதி இல்லை. ஜனங்கள் பழகிப்போவதற்குள் கழற்றியாக வேண்டும். கழற்றுவோம் என்ற வாக்கு இல்லாவிட்டால் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஆதரித்த அந்த 292 பேரில் எத்தனை பேர் கை தூக்கியிருப்பார்கள்?

உங்கள் பதிவின் கீழே ஒருவர் இவ்வளவு பிளாஸ்டிக் குப்பையா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, கிறிஸ்டோவின் நண்பரான கட்டடக் கலைஞர் கார்லோ ரட்டியே வெற்றி வளைவு நேரத்தில் வெளிப்படையாகக் கேட்டது. துணி மறுசுழற்சிக்கு ஏற்றதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, கழற்றியபின் மறுபயன்பாட்டுக்கு அனுப்பவும் ஏற்பாடு இருந்தது. பாலிப்ராப்பிலீனை உருக்கித் திரும்ப வார்ப்பது தொழில்நுட்ப ரீதியில் கஷ்டமில்லை. ஆனால் உருக்கினால் சமன் ஆகிவிட்டது என்பதை நான் சொல்லமாட்டேன். நெய்ததும் தைத்ததும் ஏற்றியதும் எரித்த சக்தி திரும்பி வராது. இன்னொன்று, இந்தப் பிளாஸ்டிக்குக்கு வெயில் ஆகாது. என் மேசை இழுப்பறையில் இருக்கும் ரைக்ஸ்டாக் துண்டைக் கொஞ்ச காலம் ஜன்னலோரம் வைத்திருந்தேன். வெள்ளிப்பூச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. ஓரத்து இழைகளை விரலால் நிமிண்டினால் உமிபோலப் பொடிகிறது. இப்போது ஒரு பழைய தபால் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமானால் படம் எடுத்துப் போடுகிறேன், கேளுங்கள்.